பிளஸ் ஒன்னிலேயே வாங்கிய பட்டம்

ஒரு சனிக்கிழமை காலை. கடலூரை ஒட்டிய எங்கள் மீனவக் குப்பத்தின் முனையில், பஸ் நிறுத்தத்தில் நிற்கிறேன். சுடிதார் யூனிஃபார்ம், அதற்கு மேல் ஓவர்கோட், மடித்துக் கட்டிய இரட்டைச் சடை, பச்சை ரிப்பன். தோள்பையில் இருந்த டிபன் பாக்ஸிலிருந்து நெத்திலி வறுவல் மணம் வந்துகொண்டிருந்தது.

தலையை நிமிர்த்தினேன். எதிரே இரண்டு மூங்கில் கம்பங்களுக்கு நடுவே இன்னொரு பவானி நின்றுகொண்டிருந்தாள்.

கறுப்பு அங்கி, தலையில் சதுரத் தொப்பி, கையில் சுருட்டிப் பிடித்த பட்டம். முகம் மட்டும் என்னுடையது. பத்தாம் வகுப்பு ஹால் டிக்கெட்டுக்காக எடுத்த, கண்ணை உருட்டிக்கொண்டு நிற்கிற போட்டோ. கழுத்துக்குக் கீழே யாரோ ஒரு அக்கா. என்னைவிட நல்ல உயரம், கையில் வாட்ச் வேறு.

‘பள்ளியில் படித்தபடியே பட்டம் வென்ற எங்கள் குலவிளக்கே, வருக வருக’ என்று மேலே கொட்டை எழுத்தில் அச்சாகியிருந்தது. கீழே ஊர் இளைஞர்கள் எல்லோரும் ஸ்டாம்ப் சைஸில் வரிசையாக இருந்தார்கள். இடது பக்கம் முழுவதும் கூலிங் கிளாஸ் போட்டு, கைகூப்பியபடி என் தாய்மாமன் தனசேகர். அவர் முகம் என் முகத்தைவிட ரொம்பவே பெரியது.

அசல் தனசேகர் மாமா கம்பத்தடியில் நின்று, கயிற்றைப் பல்லால் கடித்து இழுத்துக்கொண்டிருந்தார்.

“எப்புடி இருக்கு பாப்பா?”

“மாமா, நான் இன்னும் பிளஸ் ஒன்தான் படிக்கிறேன்.”

“தெரியும்.”

“பட்டம்லாம் வாங்கல மாமா.”

“வாங்காமயா போவப் போற?”

அதற்குள் பஸ் வந்துவிட்டது. கண்டக்டர் பேனரைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், மறுபடி பேனரைப் பார்த்தார். “பட்டதாரி எதுவரைக்கும் போவுது?” என்று கேட்டு டிக்கெட்டைக் கிழித்தார். ஜன்னலோர சீட்டில் போய் முகத்தைத் திருப்பிக்கொண்டு உட்கார்ந்தேன். பைக்குள் டிபன் பாக்ஸுக்கு அடியில், போன சனிக்கிழமை திருப்பிக் கொடுத்த டெஸ்ட் பேப்பர் இருந்தது. அதில் நான் வாங்கியிருந்த மார்க்கை இங்கே எழுத மாட்டேன். ஒரு கை விரலிலேயே எண்ணிவிடலாம் என்பதோடு நிறுத்திக்கொள்கிறேன்.

உள்ளேன் ஐயா

பிளஸ் ஒன் படிக்கிற பெண் சனிக்கிழமை காலையில் சிதம்பரத்துக்கு ஏன் போகிறாள் என்று சொல்லிவிடுகிறேன்.

எங்கள் பள்ளிக்கூடத்துக் கணக்கு டீச்சர் ஒருநாள் வகுப்பில் ஒரு சேதி சொன்னார். சிதம்பரத்தில் ஒரு கல்லூரி. அங்கே பி.எஸ்சி. கணிதம் மூன்றாம் வருடத்துக்குச் சனிக்கிழமைதோறும் ஒரு பாடம் நடக்கிறது. பிளஸ் ஒன், பிளஸ் டூ பிள்ளைகள் சிலரும் அதில் உட்கார்ந்து படிக்கலாம். பருவம்தோறும் அவர்கள் எழுதுகிற அதே பரீட்சையை எழுதலாம். பாஸானால், பிற்பாடு அங்கே சேரும்போது அந்தப் பாடத்தை மறுபடி படிக்க வேண்டியதில்லை. நுழைவுத் தேர்வு ஒன்று மட்டும் உண்டு.

எழுதினேன். எங்கள் பள்ளியில் எனக்கு மட்டும் இடம் கிடைத்தது. அப்புறம் ஒரு வாரத்துக்கு எனக்குத் தலைகால் புரியவில்லை. காக்காய்க்குச் சோறு வைக்கும்போதுகூட மூன்றாம் வருட பி.எஸ்சி. மாணவியாகத்தான் வைத்தேன்.

தலைமையாசிரியை ஒரே ஒரு நிபந்தனை போட்டார். “நம்ம ஸ்கூல் பேர்ல போற. யூனிஃபார்ம்லதான் போவணும், ரிப்பன் கட்டியிருக்கணும்.”

கட்டிக்கொண்டு போனேன். முதல் நாள் பேராசிரியர் உள்ளே வந்ததும், பழக்க தோஷத்தில் துள்ளி எழுந்து, “வணக்கம் ஐயா” என்று ராகம் போட்டு இழுத்தேன். பள்ளியில் வகுப்பே சேர்ந்து இழுக்கிற ராகம் அது. ஒற்றைக் குரலில் கேட்க எனக்கே சகிக்கவில்லை. சுற்றிலும் ஒருவரும் எழுந்திருக்கவில்லை. கடைசி பெஞ்சில் ஓர் அண்ணன் மொபைலிலிருந்து தலையைத் தூக்கி, என்ன ஆச்சு என்று பார்த்தார்.

அதோடு விட்டிருக்கலாம். அட்டெண்டன்ஸ் எடுத்தார்கள். ஆளாளுக்கு “எஸ் சார்”, “பிரசன்ட் சார்” என்று முனகினார்கள். என் முறை வந்ததும் எழுந்து, கையைக் கட்டிக்கொண்டு, “உள்ளேன் ஐயா” என்றேன்.

சிரிப்பு அடங்கக் கொஞ்ச நேரம் ஆனது. அடுத்த வாரத்திலிருந்து கடைசி பெஞ்ச் முழுவதும் “உள்ளேன் ஐயா” என்று கையைக் கட்டி எழுந்து நின்றது. பேராசிரியர் கவலைப்படவில்லை. இந்த வகுப்பில் இவ்வளவு பேர் வந்திருக்கிறார்கள் என்பதே இப்போதுதான் காதில் விழுகிறது என்றார்.

பக்கத்தில் உட்கார்ந்திருந்தவர் செந்தாமரை அக்கா. குமராட்சிப் பக்கம். அப்பா அம்மா இருவரும் நடவுக்கும் அறுப்புக்கும் போகிறவர்கள். மினி பஸ்ஸில் நசுங்கி வந்து, துப்பட்டாவை உதறிவிட்டு உட்காருவார். “சிரிச்சா சிரிக்கட்டும் வுடு. அந்த பெஞ்சு எழுந்து நின்னு இப்பதான் நானே பாக்கறேன்” என்றார். அந்த ஒரு வார்த்தையில் அவரோடு ஒட்டிக்கொண்டேன்.

அச்சில் இருந்ததே சார்

டெஸ்ட்டில் நான் கோட்டை விட்ட கதையையும் சொல்ல வேண்டும்.

பள்ளியில் கணக்கு என்றால் எனக்கு ஒரு முறை இருந்தது. மார்ஜின் போடுவேன். தலைப்புக்குக் கறுப்பு மை, விடைக்கு நீலம். ஸ்கேல் வைத்து அடிக்கோடு. கடைசியில் கட்டம் கட்டி, ‘எனவே நிரூபிக்கப்பட்டது’. இதற்காகவே என் பேப்பரை மற்ற வகுப்புகளுக்கு எடுத்துப்போய்க் காட்டியிருக்கிறார்கள்.

கல்லூரி டெஸ்ட்டில் ஒரு வாக்கியத்தைக் கொடுத்து, இது சரியா தவறா, காரணத்தோடு எழுது என்று கேட்டிருந்தார்கள். நான் ஒரு நொடிகூட யோசிக்கவில்லை. இவ்வளவு படித்த பேராசிரியர் தப்பான ஒன்றை அச்சடித்தா கொடுப்பார்? சரி என்று எழுதி, முழுப் பக்கத்துக்கு நிரூபித்து, கட்டமும் கட்டிவிட்டேன். மற்ற கேள்விகளுக்கும் இதே மரியாதைதான்.

பேப்பரைத் திருப்பிக் கொடுக்கும்போது பேராசிரியர் அதைத் தூக்கிப் பிடித்துப் பார்த்தார். “ரொம்ப அழகா எழுதியிருக்கம்மா. ஒரே ஒரு குறைதான், அத்தனையும் பொய்.”

“கேள்வித்தாள்ல அச்சுல இருந்துதே சார்” என்றேன்.

“அச்சுல இருந்தா உண்மையா?”

இந்தத் தடவை சிரித்தவர்களோடு செந்தாமரை அக்காவும் சேர்ந்துகொண்டார். அதுதான் வலித்தது.

அச்சில் இருப்பதெல்லாம் உண்மையில்லை என்று எனக்குப் புரியவைக்க அடுத்த சனிக்கிழமையே தனசேகர் மாமா கம்பம் நட்டுவிட்டார்.

தாய்மாமன் பாக்கி

போன வாரம் இதே பத்தியில் மாமாவைப் பற்றி இரண்டு வரி எழுதியிருந்தேன். படித்துவிட்டு போன் செய்தார். “எழுதறதெல்லாம் சரி. கூட ஒரு போட்டோ போடச் சொல்லக் கூடாதா?” அவருடைய குணம் இதுதான். ஃபைபர் போட்டில் கடலுக்குப் போகிறவர், கரையில் இருக்கும் நேரமெல்லாம் பேனர் வைக்கிறவர்.

எங்கள் பக்கத்தில் பெண் பிள்ளை வயதுக்கு வந்தால் மஞ்சள் நீராட்டு விழாவுக்குத் தாய்மாமன் பேனர் வைப்பார். அது அவர் உரிமை. எனக்கு அந்த நேரம் வந்தபோது, என் முகத்தை ரோட்டில் கட்டினால் சாப்பிட மாட்டேன் என்று அழுது ஆர்ப்பாட்டம் செய்தேன். மாமா டிசைன்வரை போயிருந்தவர், அதோடு விட்டுவிட்டார். விட்டார் என்று நான்தான் நினைத்துக்கொண்டேன். அந்த ஆசையை உள்ளுக்குள் வருடக்கணக்கில் வைத்திருந்தார்.

எனக்குச் சிதம்பரத்தில் சீட் கிடைத்த சேதி சில வாரம் கழித்துத்தான் அவர் காதுக்கு எட்டியது. தெரிந்ததும் நேராக டிஜிட்டல் பேனர் கடைக்குப் போயிருக்கிறார். படிப்புக்கு என்றதும் கடைக்காரர் தன்னிடம் இருந்த ஒரே டிசைனைத் திறந்தார். அதில் கறுப்பு அங்கி இருந்தது. அங்கி இருந்தால் பட்டம் இருக்க வேண்டும், பட்டம் இருந்தால் வென்றிருக்க வேண்டும். இப்படித்தான் நான் பட்டதாரியானேன்.

அப்பா கடலிலிருந்து வந்து, பேனரை மேலும் கீழும் பார்த்தார். “இது நம்ம வலைக் கயிறு மாதிரி இருக்குதே” என்றார். கயிறு அவருடையதேதான்.

அன்று சாயங்காலம் சிதம்பரத்திலிருந்து திரும்பியதும், டெஸ்ட் மார்க்கை மாமாவிடம் உடைத்துச் சொல்லிவிட்டேன். பேனரை இறக்கிவிடுங்கள் என்று கெஞ்சினேன். மாமா கொஞ்ச நேரம் பேப்பரை உற்றுப் பார்த்தார். “கையெழுத்து நல்லாத்தான் இருக்கு” என்றார். அப்புறம், “வச்ச பேனர எறக்குனா ஊரு ஏன்னு கேக்கும் பாப்பா. அது எறங்காது. நீ வேணா ஏறி வா” என்றார்.

அம்மாவுக்கு வந்த கோபம்

பட்டதாரி ஆனதன் பலன்கள் ஒவ்வொன்றாக வர ஆரம்பித்தன. கேஸ் சிலிண்டர் மானியம் ஏன் வரவில்லை என்று கேட்டு ஒருவர் வந்தார். மொபைலில் படம் ஓடவில்லை என்று ஒருவர். படித்த பிள்ளை, தெரியாமலா இருக்கும்?

இதெல்லாம் பரவாயில்லை. அடுத்த ஊரிலிருந்து ஒரு குடும்பம் தாம்பூலத் தட்டோடு வந்து இறங்கியதுதான் பெரிய கூத்து. பையனுக்கு டிகிரி படித்த பெண்ணாகத் தேடுகிறார்களாம். பஸ்ஸில் போகும்போது பேனரைப் பார்த்தார்களாம். பொண்ணு நல்ல ஒசரம் என்று வேறு சொன்னார்கள்.

அம்மா திருப்பாதிரிப்புலியூர் மார்க்கெட்டில் மீன் விற்றுவிட்டு அப்போதுதான் வந்திருந்தாள். அன்னக்கூடையைக் கீழே வைக்கக்கூட இல்லை. “பதினாறு வயசுப் புள்ளைங்க. ஸ்கூல் போவுது. பேனர் வச்சவன் வூடு அந்தாண்ட இருக்கு. வேணும்னா ஒங்க பையனுக்கு அவனக் கட்டி வையிங்க” என்று வாசலோடு அனுப்பிவிட்டாள்.

அதற்கப்புறம் என் பக்கம் திரும்பினாள்.

“இந்தப் பரீட்ச எழுது. பாஸானா போ. ஃபெயிலாச்சுன்னா சிதம்பரம் கிதம்பரம் எல்லாம் இத்தோட சரி. பள்ளிக்கூடம் போதும். ஊரு வாய்க்கு ஒன்னத் தின்னக் குடுக்க எனக்குத் தெம்பு இல்ல.”

அன்றைக்குத்தான் எனக்கு ஒன்று தெரிந்தது. அந்த வகுப்பு எனக்கு வேண்டும். கேலியும் கிண்டலும் ரிப்பனும் எல்லாமாகச் சேர்த்து வேண்டும். வாரம் முழுக்க நான் காத்திருந்தது அந்த ஒரு காலை நேரத்துக்குத்தான். அது போய்விடும் என்று நினைத்ததும், பைக்குள் கிடந்த டெஸ்ட் பேப்பரை எடுத்து விரித்தேன்.

சேற்றில் நிற்கிற கணக்கு

அடுத்த சனிக்கிழமை, சிதம்பரம் பஸ் ஸ்டாண்டு பக்கத்து டீக்கடையில் செந்தாமரை அக்காவிடம் எல்லாவற்றையும் கொட்டினேன். பேனர் பகுதி வரும்போது அவர் பஜ்ஜியைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தார். அப்புறம் கண்ணைத் துடைத்துக்கொண்டு, எண்ணெய்த் தாளில் விரலால் இரண்டு கோடு இழுத்தார்.

“இது கெழக்கு மேற்கா ஒரு ரோடு. இது தெக்கு வடக்கா ஒரு ரோடு. ரெண்டும் இங்க வெட்டிக்குது, சரியா? எங்க ஊருன்னு வச்சுக்க. ரோட்ட வுட்டு எறங்குனா வயலு.”

“சரி.”

“கெழக்க பத்தடி போ. எங்க நிக்கிற?”

“ரோட்ல.”

“வடக்க பத்தடி போனா?”

“அந்த ரோட்ல.”

“ரெண்டையும் சேத்துப் போ. கெழக்க பத்தடி, அங்கிருந்து வடக்க பத்தடி. இப்ப எங்க நிக்கிற?”

கண்ணை மூடி நடந்து பார்த்தேன். “வயல்ல.”

“சேத்துல நிக்கிற. ஒவ்வொரு ரோடும் தனியா ஒழுங்குதான், அதுலயே எவ்ளோ நடந்தாலும் ரோட்டலதான் நிப்ப. ரெண்டையும் ஒண்ணா வச்சா ஒழுங்கு இல்ல. டெஸ்ட்ல வந்த கேள்வி இதுதான். நீ அது ஒழுங்குன்னு ஒரு பக்கம் நிரூபிச்சு வச்சிருக்க.” மறுபடி பஜ்ஜியை எடுத்துக்கொண்டார். “ஒரு விஷயம் சரின்னு காட்டத்தான் பக்கம் பக்கமா எழுதணும். தப்புன்னு காட்ட, சேத்துல நிக்கிற ஒரே ஒரு ஆளக் காட்டுனா போதும். ஒங்க மாமா பேனரு தப்புன்னு காட்ட என்ன வேணும்?”

“நான் போய் நின்னா போதும்.”

“அவ்ளோதான்.”

அதற்கப்புறம் எந்த வாக்கியத்தைப் பார்த்தாலும் முதலில் அதைச் சேற்றில் தள்ளப் பார்ப்பேன். தள்ள முடியாவிட்டால்தான் நிரூபிக்க உட்காருவேன். தினமும் பஸ் நிறுத்தத்தில் அந்த வாட்ச் கட்டிய அக்காவைப் பார்த்து ஒருமுறை முறைத்துவிட்டுப் பள்ளிக்குப் போவேன்.

மழையும் ஃபிளெக்ஸும்

பரீட்சை ஐப்பசி கார்த்திகையில் வந்தது. கடலூர்ப் பக்கத்தில் அந்த மழை மாதங்களில் பரீட்சை வைப்பவர்களைப் பற்றி எனக்குத் தனியாக ஒரு கருத்து உண்டு, அதை இன்னொரு நாள் வைத்துக்கொள்ளலாம்.

விடிந்தபோது மழை சாய்த்துச் சாய்த்து அடித்துக்கொண்டிருந்தது. வீட்டில் இருந்த ஒரே குடையை அம்மா மார்க்கெட்டுக்கு எடுத்துப் போயிருந்தாள். எங்கள் ஊர் பஸ் வரவில்லை. கடலூர் பஸ் ஸ்டாண்டுக்குப் போய்விட்டால் சிதம்பரத்துக்கு வண்டி இருக்கும், ஆனால் நனைந்த ஹால் டிக்கெட்டோடு என்ன செய்வது? வாசலில் நின்று அழ ஆரம்பித்துவிட்டேன்.

மாமா பைக்கோடு வந்தார். என் அழுகையைப் பார்த்துவிட்டு, நிறுத்தத்தை நோக்கி நடந்தார். தலைக்கும் பைக்கும் ஒரு சாக்கைப் போர்த்திக்கொண்டு பின்னாலேயே ஓடினேன். வலை வெட்டுகிற கத்தியை இடுப்பிலிருந்து எடுத்து, மழையில் கம்பத்தில் ஏறி, கயிற்றை அறுத்தார். பேனர் தொப்பென்று விழுந்தது.

“எறங்காதுன்னு சொன்னீங்க மாமா.”

“எறங்கல. ஒன்கூட வருது.”

தரையில் விரித்து, நடுவில் ஒரே இழுப்பில் கிழித்தார். நான் இருந்த பாதியை என் தலையோடு சேர்த்துச் சுற்றி, பையையும் உள்ளே வைத்துக் கயிற்றால் கட்டினார். கூலிங் கிளாஸ் போட்ட தன் பாதியைத் தான் போர்த்திக்கொண்டார். அவரவர் முகத்தை அவரவர் முதுகில் போட்டுக்கொண்டு பைக்கில் கிளம்பினோம்.

கடலூரில் பைக்கை விட்டுவிட்டு இருவரும் ஏறிய சிதம்பரம் பஸ்ஸின் கூரை எதிர்பார்த்தபடியே ஒழுகியது. புதுச்சத்திரம் வருவதற்குள் பக்கத்து சீட்டு அக்காவும் அவர் கைக்குழந்தையும் என் பட்டத்துக்கு அடியில் வந்துவிட்டார்கள். நான் உள்ளே கண்ணை மூடி வடக்கேயும் கிழக்கேயும் நடந்துகொண்டிருந்தேன்.

கல்லூரி வராந்தாவில் போய் நின்றபோது மூன்றாம் வருட வகுப்பே அங்கே நின்றிருந்தது. எல்லோரும் என் முதுகைப் படித்தார்கள். கடைசி பெஞ்ச் அண்ணன் கையைக் கட்டிக்கொண்டு முன்னால் வந்து, “பட்டதாரிக்கு வணக்கம் ஐயா” என்று அதே ராகத்தில் இழுத்தார். நானும் சிரித்துவிட்டேன். செந்தாமரை அக்கா இடுப்பளவு ஈரத்தோடு வந்து, என் கயிற்றை அவிழ்த்துவிட்டார். ஓவர்கோட் காய்ந்தே இருந்தது. ரிப்பன்கூட நனையவில்லை.

பரீட்சையில் அச்சில் இருந்த எதையும் நான் நம்பவில்லை. முதல் கேள்வியைச் சேற்றில் தள்ளினேன், விழுந்துவிட்டது. அடுத்தது விழவில்லை, நிரூபித்தேன். கட்டம் மட்டும் கட்டாமல் இருக்க முடியவில்லை. எழுதும்போது நடுவில் ஒருமுறை ஜன்னல் வழியே பார்த்தேன். கேட்டுக்கு வெளியே மரத்தடியில், தன்னைத் தானே போர்த்திக்கொண்டு மாமா நின்றிருந்தார். அவசரமாகக் குனிந்து அடுத்த கேள்விக்குப் போனேன்.

முடிவு வந்தது. பாஸ். அதற்கு மேல் பெருமையாகச் சொல்லிக்கொள்ள அந்த மார்க்கில் ஒன்றுமில்லை.

“நெசமாவே பாஸா, இல்ல ஒங்க மாமன் சொல்ற பாஸா?” என்று கேட்டாள் அம்மா. மொபைலில் காட்டினேன். உள்ளே போய், அன்றைக்கு விற்காமல் தனக்கென்று எடுத்து வைத்திருந்த வஞ்சிரத் துண்டுகளை மிளகாய் தடவ எடுத்தாள். “அடுத்த சனிக்கிழமைக்கு ரிப்பன் தொவச்சுப் போடு” என்றாள்.

கம்பம் காலி

பிளஸ் டூ முடித்து, அதே கல்லூரியில் சேர்ந்து, அதே பி.எஸ்சி. முடித்தேன். பட்டமளிப்பு விழாவில் வாடகை அங்கி போட்டுக்கொண்டேன். இந்தத் தடவை கழுத்துக்குக் கீழேயும் நானேதான்.

பேனரே வேண்டாம் என்று அழுத பெண், அன்று பஸ்ஸில் வரும்போது வழியெல்லாம் ஜன்னலையே பார்த்துக்கொண்டு வந்தேன் என்பதை வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன். நிறுத்தத்தில் இறங்கினேன். மூங்கில் கம்பங்கள் வெறுமனே நின்றன. எனக்கு நிஜமாகவே ஏமாற்றமாக இருந்தது.

மாமா கரையில் போட்டுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து வலை பிரித்துக்கொண்டிருந்தார். போட்டின் இன்ஜினை மூடிக் கட்டியிருந்தது என் பாதி. உப்புக் காற்றில் அங்கி சாம்பல் நிறமாகியிருந்தது. வாட்ச் மட்டும் பளிச்சென்று இருந்தது.

“மாமா, பட்டம் வாங்கிட்டேன்.”

“தெரியும்.”

“பேனர் எங்க?”

மாமா வலையிலிருந்து கையை எடுக்காமல் என்னை நிமிர்ந்து பார்த்தார். “ஒரே சேதிக்கு எத்தினி தடவ வைக்கிறது பாப்பா? ஊரு சிரிக்காது?”

சொல்லிவிட்டு என்னை அடி முதல் முடி வரை ஒருமுறை அளந்தார். அப்புறம் இன்ஜின் மேலே கிடந்தவளைப் பார்த்தார்.

“அதுல நீ இன்னுங் கொஞ்சம் ஒசரமா இருந்த” என்றார்.